இருபத்திரண்டு சென்ட்டில் எதை நடுவது? உகாண்டா அகதிக் குடியிருப்புகளின் நிலக் கணக்கு

உகாண்டாவின் வடமேற்கு மூலையில், யும்பே மாவட்டத்தில் இருக்கிறது பிடிபிடி அகதிக் குடியிருப்பு. தெற்கு சூடானிலிருந்து ஓடி வந்தவர்களுக்காக 2016 ஆகஸ்டில் திறந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் ஆள் சேர்ந்துவிட்டதால், இனிப் புதியவர்களுக்கு இடமில்லை என்று மூடினார்கள். அங்கே பதிந்த குடும்பத்துக்கு அளந்து கொடுத்தது 30 மீட்டருக்கு 30 மீட்டர். 900 சதுர மீட்டர், அதாவது 22 சென்ட்.

அகதிக்கு நிலமே கொடுக்கிற நாடு என்று இதைப் புகழ்கிறவர்கள் உண்டு. இந்தத் துண்டில் என்ன விளைந்துவிடப் போகிறது என்று உதறுகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் கயிற்றைப் பிடித்து அளந்து பார்ப்பதில்லை. அளந்து பார்த்தால், எதை இங்கே நடலாம், எதை நடவே கூடாது என்பது தானாகத் தெரியும். குடியிருப்புகளில் விவசாயப் பயிற்சி கொடுக்கிற பலர் அந்தக் கணக்கைப் போடாமலே மக்காச்சோள விதையை நீட்டுவதுதான் முதல் கோளாறு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். உகாண்டாவின் 2006 அகதிகள் சட்டமும் 2010 விதிமுறைகளும் குடியிருப்பில் வாழும் அகதிக்கு நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையைத் தருகின்றன. பயிர் செய்யலாம், ஆடு மாடு மேய்க்கலாம். விற்கவோ, குத்தகைக்கு விடவோ, வேறு வழியில் கைமாற்றவோ முடியாது. நிலத்தை ஒதுக்குவது பிரதமர் அலுவலகம். அங்கே எல்லாரும் ஓ.பி.எம். என்றுதான் சொல்வார்கள். தென்மேற்கில் உள்ள நகிவாலே போன்ற பழைய குடியிருப்புகள் அரசு அறிவிக்கை செய்த நிலத்தில் உள்ளவை. 1950களின் கடைசியில் ருவாண்டாவிலிருந்து வந்தவர்களோடு தொடங்கியது நகிவாலே. அங்கெல்லாம் ஒரு காலத்தில் 50 மீட்டருக்கு 100 மீட்டர் கொடுத்தார்கள். ஆள் பெருகப் பெருகத் துண்டு சுருங்கியது. வடமேற்கிலோ நிலம் அரசுடையதே அல்ல. உள்ளூர்க் குலங்களின் வழிவழி நிலம். அவர்கள் பேசி விட்டுக்கொடுத்த இடத்தில்தான் குடியிருப்பு நிற்கிறது. இந்த வேறுபாடு பிறகு குத்தகையைப் பேசும்போது முக்கியமாகும்.

இனிக் கணக்கு. 900 சதுர மீட்டரில் வீடு, சமையல் குடிசை, கழிப்பறை, குளியல் மறைப்பு, முற்றம், நடைபாதை எல்லாம் சேர்ந்து 250ஐ விழுங்கிவிடும். மீதி 650 சதுர மீட்டர். 75 சென்டிமீட்டர் வரிசை, 30 சென்டிமீட்டர் செடி இடைவெளியில் மக்காச்சோளம் போட்டால் சுமார் 2,900 செடி நிற்கும். உரம் போடாத, மழையை மட்டும் நம்பிய, கைக்களை எடுத்த நிலத்தில் ஹெக்டேருக்கு இரண்டரை டன் வந்தால் நல்ல விளைச்சல். 650 சதுர மீட்டருக்கு அது 160 கிலோ. ஐந்து பேர் குடும்பத்துக்கு ஆளுக்கு நாளுக்கு 400 கிராம் தானியம் என்று வைத்தால், நாளைக்கு 2 கிலோ. 160 கிலோ 80 நாளில் தீர்ந்துவிடும். இரண்டு பருவமும் தவறாமல் விளைந்தால் ஐந்து மாதத்துச் சோறு. காய்ந்த பீன்ஸ் போட்டால் ஐம்பது அறுபது கிலோ. மரவள்ளியை ஒரு மீட்டருக்கு ஒன்றாக நட்டால் 650 செடி. ஓர் ஆண்டு காத்திருந்து 650 கிலோ பச்சைக் கிழங்கு, காயவைத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு. எப்படிப் புரட்டினாலும் இந்தத் துண்டு ஒரு குடும்பத்தின் ஆண்டுத் தானியத்தைத் தராது.

உணவுப் பங்கீடு முழுதாக வந்த காலத்தில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. 2020 ஏப்ரலில் உலக உணவுத் திட்டம் உகாண்டாவில் பங்கீட்டை 30 விழுக்காடு குறைத்தது. 2021 பிப்ரவரியில் வெட்டு 40 விழுக்காடானது. 2023இல் குடும்பங்களை நலிவின் அளவுப்படி மூன்றாகப் பிரித்து, கடைசிப் பிரிவுக்கு உணவே இல்லை என்றார்கள். அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, இவர்களுக்கு நிலம் இருக்கிறது, உழைத்துப் பிழைக்கலாம் என்பது. 160 கிலோ கணக்கைப் பார்த்தவர் அந்த வாதத்தை அப்படியே ஏற்கமாட்டார்.

ஆக, வீட்டை ஒட்டிய துண்டு தோட்டம். வயல் என்று அதை நினைக்கக் கூடாது. கீரை, காய், வெங்காயம், கொஞ்சம் கோழி என்று, சிறிய இடத்தில் அதிக மதிப்புத் தருவது எதுவோ அதற்கு அந்த இடம். தானியமும் கிழங்கும் வெளியே, இரவல் அல்லது குத்தகை நிலத்தில். இந்தப் பிரிவினையைச் செய்துகொண்ட குடும்பங்களுக்கும் 22 சென்ட் முழுக்க மக்காச்சோளம் விதைத்த குடும்பங்களுக்கும் மூன்றாவது பருவத்திலேயே வித்தியாசம் தெரியும்.

வீட்டுத் தோட்டம்: பாத்தியும் தண்ணீரும்

பாத்தியின் அகலம் 1.2 மீட்டர். இரண்டு பக்கத்திலிருந்தும் கை நடுவுக்கு எட்டவேண்டும், காலால் பாத்தியை மிதிக்கக் கூடாது என்பதற்காக இந்த அளவு. நீளம் 5 மீட்டர் போதும். மேல் மண்ணை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி ஒருபக்கம் ஒதுக்குங்கள். அடியில் இன்னொரு 30 சென்டிமீட்டரைக் கடப்பாரையால் பொலபொலப்பாக்குங்கள், ஆனால் வெளியே எடுக்கவேண்டாம். மக்கிய ஆட்டு எரு, அடுப்புச் சாம்பல், கரித்தூள், காய்ந்த இலை ஆகியவற்றை மேல் மண்ணோடு கலந்து திரும்ப நிரப்புங்கள். இதில் அடிக்கடி நடக்கிற தவறு, அடி மண்ணை மேலே கொண்டு வந்துவிடுவது. அது சத்தில்லாத, வெளிறிய மண். விதை முளைக்கும், இரண்டு வாரத்தில் மஞ்சளாகி நின்றுவிடும். விதை கெட்டது என்று சொல்வார்கள். கெட்டது வெட்டிய முறை. புது எருவை நேராகப் போடுவதும் அப்படித்தான், வேர் கருகும். ஆட்டு எருவைக் குவித்து, ஈரம் வைத்து, மூடி, இரண்டு மூன்று மாதம் மக்கவிட வேண்டும்.

மேட்டுப் பாத்தியா பள்ளப் பாத்தியா என்பதில் பயிற்சிக் கையேடுகள் பலவும் படத்தில் மேட்டுப் பாத்தியைத்தான் காட்டும். தண்ணீர் தேங்கும் கனத்த மண்ணுக்கு அது சரி. பிடிபிடி, அதே வடமேற்கில் உள்ள ரைனோ கேம்ப் குடியிருப்புப் பக்கம் கல்லும் மணலும் கலந்த ஆழமில்லாத மண்ணில் மேட்டுப் பாத்தி மழை நின்ற மூன்றாம் நாளே காய்ந்துவிடும். அங்கே தரையைவிட 10 சென்டிமீட்டராவது தாழ்ந்த பாத்தியே உதவும். கென்யாவின் துர்கானா வறட்சியில் 2016இல் தொடங்கிய கலோபேயெய் குடியிருப்பில் பள்ளப் பாத்தி இல்லாமல் வீட்டுத் தோட்டமே கிடையாது. அங்கே சுற்றிலும் கரை கட்டி, பாத்தியைக் கிண்ணம் போல ஆக்கி, மேலே மூடாக்குப் போட்டு, வாய்க்கும் ஒவ்வொரு குவளைத் தண்ணீரையும் அதற்குள் பிடித்துவைக்க வேண்டும்.

தண்ணீரை அளக்காமல் பாத்திகளின் எண்ணிக்கையை முடிவு செய்யக் கூடாது. குடியிருப்புகளில் ஆளுக்கு நாளுக்கு 20 லிட்டர் என்பது இலக்கு. அவசரக் காலத்தில் 15. ஐந்து பேர் வீட்டுக்கு நல்ல நாளில் 100 லிட்டர். இலைக் கீரைக்குக் கோடையில் சதுர மீட்டருக்கு 5 லிட்டராவது வேண்டும். 6 சதுர மீட்டர் பாத்தி நான்கு போட்டால் 120 லிட்டர், வீட்டுக்கு வரும் மொத்தத் தண்ணீரையும் தாண்டிவிடும். அதனால் மழைக் காலத்தில் நான்கு பாத்தி, டிசம்பர் முதல் மார்ச் வரையிலான வறட்சியில் ஒரே ஒரு பாத்தி. அந்த ஒன்றுக்கு வேண்டிய 30 லிட்டர், பாத்திரம் கழுவிய நீரிலும் துணி அலசிய நீரிலும் கிடைக்கும். சோப்பு நீரை ஒரு வாளியில் சற்று நிறுத்தி, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு வேரடியில் ஊற்றலாம். இலைமேல் தெளிக்கக் கூடாது. பச்சையாகத் தின்னும் எதற்கும் ஊற்றவும் கூடாது. குளியல் மறைப்பின் நீர் ஓடும் இடத்தில் வாழையோ பப்பாளியோ நடுவது நல்லது. கழிப்பறைக்குக் கீழ்ச்சரிவில் கீரை வேண்டாம். இதைச் சொல்லவேண்டுமா என்று தோன்றும். வளமாகத் தெரிவதால் அந்த இடத்தில்தான் பலரும் முதலில் விதைக்கிறார்கள்.

எந்தக் கீரை? உகாண்டாவில் டோடோ எனப்படும் தண்டுக்கீரை மூன்று நான்கு வாரத்தில் முதல் பறிப்புக்கு வரும். விதை மிகச் சிறியது, நான்கைந்து பங்கு மணலோடு கலந்து தூவவேண்டும். வேரோடு பிடுங்காமல் 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் மறுபடி தழையும். தெற்கு சூடானியர் விரும்பும் சணல் கீரையை அவர்கள் குத்ரா என்பார்கள். வெண்டையைப் போல வழவழப்பானது, வெயிலைத் தாங்கும், சந்தையிலும் போகும். முட்டைக்கோசு இனத்து சுக்குமா விக்கியை நாற்றங்காலில் நான்கைந்து வாரம் வளர்த்து 60க்கு 45 சென்டிமீட்டரில் நடவேண்டும். அடியிலிருந்து வாரம் இரண்டு மூன்று இலை எடுக்கலாம், உச்சியில் ஐந்தாறு இலையாவது நிற்கவேண்டும். பசியில் மொட்டையடித்தால் செடி ஒரு மாதம் பின்தங்கும். தண்டுக்கீரையை எல்லாப் பாத்தியிலும் ஒரே நாளில் விதைக்காமல் வாரத்துக்கு ஒரு பாத்தியாக விதைத்தால், மழைக் காலத்தில் 24 சதுர மீட்டரிலிருந்து நாளுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கீரை எடுக்கமுடியும். பங்கீட்டுப் பையில் வருவது தானியம், பருப்பு, எண்ணெய், உப்பு. பச்சை எதுவும் வராது. குழந்தைகளின் தட்டில் அந்தக் குறையை இந்தப் பாத்திகள்தான் நிரப்பும்.

சாக்குத் தோட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அகதிக் குடியிருப்பு என்றாலே புகைப்படத்தில் வருவது அதுதான். தானியச் சாக்கின் வாயை வெளியே மடித்து, அடியில் ஒரு சாண் கல் போடுவார்கள். நடுவில் இரண்டு பக்கமும் வெட்டிய எண்ணெய்த் தகரத்தை நிறுத்தி, தகரத்துக்குள் சிறு கல்லும் வெளியே இரண்டு பங்கு மண், ஒரு பங்கு எருக் கலவையும் நிரப்பி, தகரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்துக்கொண்டே போவார்கள். முடிவில் நடுவில் ஒரு கல் தூண் நிற்கும். தண்ணீர் அதன் வழியே அடிவரை இறங்கும். பக்கங்களில் சாண் இடைவெளியில் துளை போட்டு நாற்றைச் செருகவேண்டும். கெடுவது எப்படி என்றால், துளையைச் சதுரமாக வெட்டினால் மண் வழியும். இரண்டு விரல் நீளத்துக்கு ஒற்றைக் கீறல் போதும். மண்ணை நிரப்பிய அன்றே நட்டால் ஒரு வாரத்தில் மண் அமுங்கி நாற்றின் வேர் தொங்கும். இரண்டு மூன்று நாள் தண்ணீர் விட்டு அமுங்கியபின் நடவேண்டும். கல் தூணில் கல் பெரிதாக இருந்தால் ஊற்றியது முழுக்க அடியில் ஓடிவிடும். பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் ஒன்று இரண்டு பருவத்தில் இற்றுப்போகும். அதைத் தூக்கி நகர்த்தலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், கிழியும். 900 சதுர மீட்டர் உள்ள வீட்டில் சாக்கு தேவையா என்றால், பெரும்பாலும் தேவையில்லை. பாறைத் தரை, வயதானவர் குனியமுடியாத வீடு, ஆடு திரியும் முற்றம் ஆகியவற்றுக்குச் சாக்கு பொருந்தும். மற்ற இடங்களில் அதைக் காட்சிக்குத்தான் வைத்திருக்கிறார்கள்.

வெளி நிலம்

தானியத்துக்கு ஓர் ஏக்கராவது வேண்டும். வடமேற்கில் அதை உள்ளூர்க் குடும்பத்திடமிருந்துதான் பெறமுடியும். ரொக்க வாடகை, விளைச்சலில் பங்கு, புதர் வெட்டிச் சுத்தம் செய்து கொடுக்கும் உழைப்பு என்று மூன்று வழக்கம். கடைசி வழக்கத்தில்தான் அதிகமாக அடி விழும். அகதிக் குடும்பம் புதரை வெட்டி, வேரைத் தோண்டி, முதல் பருவம் ஒன்றை எடுத்ததும் நிலம் திரும்பக் கேட்கப்படும். எழுத்து இல்லாததால் எதிர்த்துப் பேச வழியிருக்காது.

எழுதினால் என்னென்ன எழுதவேண்டும்? எல்லையை மரம், கல், பாதை என்று அடையாளம் சொல்லி எழுதவேண்டும். காலத்தை ஆண்டாக எழுதாமல் பருவமாக எழுதவேண்டும். பணம் எப்போது, எத்தனை தவணை என்பது வேண்டும். நிற்கிற பயிர் இருக்கும்போது நிலத்தைக் கேட்கக் கூடாது என்ற வரி கட்டாயம். மரவள்ளி நடலாமா என்பதையும் தனியாகக் கேட்டு எழுதவேண்டும், ஏனென்றால் அது 10 முதல் 12 மாதம் நிலத்தில் நிற்கும், இரண்டு பருவ வாடகையைக் கடக்கும். கையெழுத்துப் போடுகிறவர் அந்தக் குடும்பத்தில் நிலத்துக்குப் பேசும் உரிமை உள்ளவரா என்று பார்ப்பது எல்லாவற்றிலும் முக்கியம். குல நிலத்தில் இளைய மகன் வாடகை வாங்குவார், பிறகு பெரியப்பா வந்து கேட்பார். உள்ளூர் மன்றத் தலைவர், அதாவது எல்.சி. 1, ஒரு சாட்சியாகவும், அகதிகள் நல மன்றத்தின் தலைவர் இன்னொரு சாட்சியாகவும் இருந்தால் தகராறு முற்றுவதற்கு முன் இருவரும் உட்கார்ந்து பேசுவார்கள். தாள் இரண்டு படி. இரு தரப்புக்கும் புரியும் மொழியில் சத்தமாகப் படித்துக் காட்டிய பின்பே கையெழுத்து.

குத்தகை நிலத்தில் மரம் நடக்கூடாது. பல இடங்களில் மரம் நடுவது நிலத்துக்கு உரிமை கோருவதற்குச் சமம் என்று கருதப்படும். மா, பலா மட்டுமல்ல, வேலி மரம்கூடச் சண்டையில் முடியும். ஏற்கெனவே நிற்கும் ஷியா மரத்தை வெட்டவும் கூடாது. அதன் கொட்டை எண்ணெய் உள்ளூர்ப் பெண்களின் வருமானம்.

நிலம் சிறியதாக இருந்தாலும் வேலை சிறியதல்ல. ஓர் ஏக்கர் மக்காச்சோளத்துக்கு 10 கிலோ விதை. முளைத்த இரண்டு மூன்று வாரத்தில் முதல் களை, ஐந்து ஆறாம் வாரத்தில் இரண்டாம் களை. கையால் ஒரு களை எடுக்க 10 முதல் 15 ஆள்நாள் ஆகும். வீட்டில் வேலை செய்யக்கூடிய பெரியவர் ஒருவர் மட்டும், நிலம் ஐந்து கிலோமீட்டர் தொலைவில், நடுவில் பங்கீட்டு வரிசையில் நிற்க ஒரு நாள், தண்ணீர்க் குழாயில் அரை நாள் என்றால் முதல் களையே ஐந்தாம் வாரத்துக்குத் தள்ளிப்போகும். மக்காச்சோளம் முதல் ஆறு வாரம் களையோடு நின்றால் பிறகு எதைச் செய்தும் மீட்கமுடியாது. தாயும் குழந்தைகளும் மட்டும் உள்ள வீடு ஓர் ஏக்கர் எடுப்பதைவிட, நான்கைந்து வீடு சேர்ந்து மாறி மாறிக் களை எடுப்பதும், அது முடியாவிட்டால் அரை ஏக்கரோடு நிறுத்திக்கொள்வதும் மேல். அரை ஏக்கரைச் சுத்தமாக வைத்தவர் வீட்டில் பெரும்பாலும் அதிக மூட்டை சேரும்.

மழை, விதை

வடமேற்கில் மழை ஏப்ரலில் தொடங்கி, ஜூன் ஜூலையில் சற்று இளைத்து, ஆகஸ்டிலிருந்து மறுபடி வலுத்து நவம்பரோடு முடியும். தென்மேற்கில் மார்ச் முதல் மே வரை ஒரு பருவம், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. நிவாரண விதை இந்த நாட்காட்டியைப் படித்ததுபோல் தெரிவதில்லை. நிதி ஒப்புதல், கொள்முதல், லாரி என்று நகர்ந்து, ஏப்ரல் விதை மே கடைசியில் வந்து சேரும். 115 நாள் பயிரை அப்போது விதைத்தால் பூக்கும் வேளையில் ஜூலை இளைப்பு வந்து கதிரில் மணி பிடிக்காது. அப்படித் தாமதமாக வந்த மக்காச்சோள விதையைப் பத்திரமாக எடுத்துவைத்து ஆகஸ்ட் மழைக்கு விதைப்பதே நல்லது. அந்த நேரத்தில் நிலத்தைக் காலியாக விடவேண்டாம், இரண்டரை மாதத்தில் முடியும் காராமணி போடலாம்.

வந்த விதையை அப்படியே நம்பவும் வேண்டாம். நூறு விதையை எண்ணி, ஈரத் துணியில் சுருட்டி, நிழலில் ஐந்தாறு நாள் ஈரம் காயாமல் வைத்து முளைத்ததை எண்ணவேண்டும். 80க்கு மேல் இருந்தால் சரி. 60 என்றால் குழிக்கு ஒரு விதை கூடுதல். 40 என்றால் அது சாப்பாட்டுத் தானியம். ஆனால் பூச்சிமருந்து தோய்ந்து சிவந்திருந்தால் சாப்பாட்டுக்கும் ஆகாது, கோழிக்கும் ஆகாது. கடையில் வெறும் தானியத்துக்குச் சாயம் பூசி விதை என்று விற்பதும் உகாண்டாவில் உண்டு. முத்திரை பிரிக்காத பொட்டலம் தவிர வேறு வாங்கக் கூடாது. லோங்கே 5 போன்ற திறந்த மகரந்தச் சேர்க்கை ரகத்தில் அடுத்த பருவத்துக்கு விதை எடுத்துவைக்கலாம். வயலின் ஓரத்தை விட்டு, நடுவில் நிற்கும் நோயில்லாத செடிகளின் கதிரிலிருந்து எடுக்கவேண்டும். வீரிய ஒட்டு ரகத்தில் அப்படி எடுத்தால் அடுத்த பருவம் ஒன்று உயரம், ஒன்று குள்ளமாக வரும், மகசூலும் விழும்.

படைப்புழு, சுடுமல்லி, மரவள்ளி நோய்

அமெரிக்கப் படைப்புழு 2016இல் ஆப்பிரிக்காவுக்கு வந்தது. அடுத்த ஆண்டே உகாண்டா வயல்களில் உறுதியானது. தலையில் தலைகீழ் ஒய் வடிவக் கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளியும் இருந்தால் அதுதான். முளைத்த இரண்டாம் வாரத்திலிருந்து வாரம் இருமுறை காலையில் வயலுக்குள் வளைந்து வளைந்து நடந்து, ஐந்து இடத்தில் பத்துப் பத்துச் செடி பார்க்கவேண்டும். இலையில் கண்ணாடி போன்ற சுரண்டல் தெரியும்போதே முட்டைக் குவியலை நசுக்குவதும், குருத்துக்குள் ஒரு சிட்டிகை மண்ணோ சாம்பலோ போடுவதும் பலன் தரும். குருத்தில் மரத்தூள் போலக் கழிவு குவிந்தபின் புழு உள்ளே போய்விட்டது. மேலே தெளிப்பது அதைத் தொடாது. சந்தையில் பெயர்ச்சீட்டு இல்லாத சிறு புட்டியில் ஊற்றி விற்கும் மருந்தை வாங்கி அதே நிலத்தில் கீரையும் பறிக்கிற ஆபத்தை யாரும் எடுக்கக் கூடாது.

சுடுமல்லி வேறு வகைத் தொல்லை. சோளத்தின், மக்காச்சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சும் ஒட்டுண்ணிக் களை. ஊதாப் பூவோடு தரைக்கு மேலே தெரியும்போது சேதம் முடிந்திருக்கும். ஒரே செடி பல்லாயிரக்கணக்கில் தூள் போன்ற விதை உதிர்க்கும். அவை மண்ணில் பத்து ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். பூப்பதற்கு முன் பிடுங்கி எரிக்கவேண்டும். எள், நிலக்கடலை, காராமணி மாற்றிப் போடலாம். ஆராய்ச்சியாளர்கள் பரிந்துரைக்கும் நல்ல வழி ஒன்று உண்டு: வரிசைக்கு நடுவே டெஸ்மோடியம் என்னும் பயறுக் கொடி, வயல் ஓரத்தில் நேப்பியர் புல். சுடுமல்லியும் குறையும், தண்டுத் துளைப்பானும் குறையும். ஆனால் டெஸ்மோடியம் பல ஆண்டுப் பயிர். இரண்டு பருவக் குத்தகையில் அதை நட்டு, அது பலன் தரத் தொடங்கும்போது நிலம் கைமாறும். நிலச் சொந்தக்காரரையே அதில் பங்குதாரராக்கி, நேப்பியர் புல் அவர் மாட்டுக்கு என்று பேசினால்தான் இந்த முறை நிற்கும்.

மரவள்ளியில் நோய் வெள்ளை ஈயால் பரவும், மனிதர் கைமாற்றும் கரணையாலும், அதாவது நடும் தண்டுத் துண்டாலும், பரவும். தேமல் நோய் இலையில் தெரியும். பழுப்புக் கோட்டு நோய் பல நேரம் தெரியாது. செடி பசுமையாக நிற்கும், கிழங்கை வெட்டினால் உள்ளே பழுப்பாய் அழுகியிருக்கும். ஆகவே கரணை கொடுக்கிறவர் வயலில் இரண்டு மூன்று கிழங்கையாவது வெட்டிப் பார்த்தபின் வாங்கவேண்டும். நேஸ் 14, நாரோகாஸ் 1 ஆகியவை உகாண்டாவில் இந்த நோய்களைத் தாங்குவதற்காக வெளியிட்ட ரகங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மாதச் செடியின் நடுத்தண்டிலிருந்து 25 முதல் 30 சென்டிமீட்டர், ஐந்து ஏழு கணு உள்ள கரணை நல்லது. உச்சித் தண்டு வாடும், அடித்தண்டு தாமதமாக முளைக்கும்.

கசப்பு ரகமாக இருந்தால் தோலுரித்து மூன்று நான்கு நாள் ஊறவைத்து, நன்றாகக் காயவைத்துத்தான் மாவாக்கவேண்டும். பங்கீடு குறைந்த மாதங்களில் ஊறும் நாளை ஒன்றாகக் குறைப்பார்கள். கிழங்கில் தங்கும் சயனைடு, புரதம் குறைந்த உணவோடு சேர்ந்தால் கால்களைச் செயலிழக்கச் செய்யும் கொன்சோ நோயைக் கொண்டுவரும். அந்தப் பாதிப்பு மீளாது.

அறுவடைக்குப் பின்

உழைப்பின் பலனை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். மக்காச்சோளத்தைத் தரையில் கொட்டிக் காயவைத்தால் மண் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அஃப்ளாடாக்சின் கண்ணுக்குத் தெரியாது, வேகவைத்தாலும் போகாது. தார்ப்பாயின்மேல், மெல்லிய அடுக்காக, மாலையில் சுருட்டிமூடி, 13 விழுக்காடு ஈரத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். கருவி இல்லாதபோது தோராயமாகப் பார்க்க: உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் கைப்பிடி மணியோடு உலர்ந்த உப்பு ஒரு கரண்டி போட்டுக் குலுக்குங்கள். பத்து நிமிடம் கழித்து உப்பு கண்ணாடியில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல், இன்னும் காயவேண்டும். ஒட்டாததாலேயே 13க்குக் கீழே வந்துவிட்டது என்று பொருளல்ல.

பிறகு காற்றுப்புகாப் பை. வெளியே நெய்த சாக்கு, உள்ளே இரண்டு தடித்த பிளாஸ்டிக் பை. காற்றை அமுக்கி வெளியேற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக முறுக்கி, மடித்துக் கட்டவேண்டும். உள்ளிருக்கும் வண்டு ஆக்சிஜன் தீர்ந்து செத்துவிடும். மருந்து எதுவும் வேண்டாம். வாரம் ஒருமுறை திறந்து ஒரு படி எடுப்பவருக்கு இந்தப் பையால் பயனில்லை. அன்றாடத் தேவைக்கு ஒரு சாதாரணச் சாக்கு, நான்கு மாதத்துக்குத் தொடக்கூடாத பை ஒன்று என்று பிரித்து வைக்கவேண்டும். எலி ஓட்டை போட்டால் எல்லாம் வீண். பையைச் சுவரில் சாய்க்காமல் பலகைமேல் நிறுத்தவேண்டும்.

தொடக்கூடாத அந்தப் பையை வைத்திருக்க முடியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வண்டோ எலியோ இல்லை, கடன். பள்ளிக் கட்டணம், மருந்து, மாவு அரைக்கும் கூலி எல்லாம் அறுவடை வாரத்தில் வந்து நிற்கும், எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பார்கள், விலை விழும். அதே வாரம் பங்கீட்டுத் தானியமும் சந்தைக்கு வந்தால் இன்னும் விழும். வெங்காயமும் எள்ளும் பயிரிட்டவர்களுக்கு இந்த இடி குறைவு, ஏனென்றால் அவை பங்கீட்டில் வருவதில்லை.

சேமிப்புக் குழுக்கள் இதற்கு ஓரளவு கைகொடுக்கும். 15 முதல் 25 பேர், மூன்று பூட்டுப் போட்ட ஒரு தகரப் பெட்டி, மூன்று சாவி மூன்று பேரிடம், வாரந்தோறும் பங்கு, தேவைப்பட்டவருக்குக் கடன், ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் பிரித்துக்கொள்வது. உள்ளூர்க்காரரும் அகதிகளும் கலந்த குழுக்களில் நிலம் பேசுவதும் எளிதாகிறது. வாடகை கேட்கிறவர் ஏற்கெனவே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பெட்டியைத் திறக்கும் மாதத்தை மட்டும் யோசித்து வைக்கவேண்டும். பல குழுக்கள் கிறிஸ்துமஸை ஒட்டி டிசம்பரில் திறக்கின்றன. பணம் துணிக்கும் விருந்துக்கும் போய்விடும், மார்ச்சில் வாடகைக்கும் விதைக்கும் மறுபடி கடன். சுழற்சியை மூன்று மாதம் தள்ளி மார்ச் நடுவில் பெட்டியைத் திறந்தால், நிலச் சொந்தக்காரருக்கு முன்பணம், பத்துக் கிலோ விதை, முதல் களைக்கு ஆள் கூலி மூன்றும் ஏப்ரல் மழைக்கு முன்பே கையில் இருக்கும்.